இரண்டு ராத்திரி தூங்கும் ரப்பர்

சென்னை விமான நிலையத்திலிருந்து படப்பை வந்து சேர்வதற்குள் மூன்று பேர் என்னிடம் சொந்த ஊர் எது என்று கேட்டுவிட்டார்கள். பட்டர்வொர்த் என்றேன். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரை என்று விளக்கமும் சொன்னேன். "அது சரிம்மா, சொந்த ஊரு?" என்று மறுபடி ஆரம்பிக்கிறார்கள். நான் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, கல்யாணம் கட்டியது, சண்டை போட்டது எல்லாம் அங்கேதான். அதற்கு மேல் சொந்தமாக இன்னொரு ஊர் வேண்டுமென்றால் நான் எங்கே போவேன்? மூன்றாவதாகக் கேட்டவர் கார் ஓட்டிய தசரதன். அவரிடம் கொஞ்சம் கடுப்பாகவே சொல்லிவிட்டேன். மனுஷன் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. "அங்க நம்ம ஆளுங்க நெறைய பேரு கீறாங்களாமே" என்று பேச்சை மாற்றிவிட்டு, படப்பையில் டீக்கு நிறுத்தினார்.

டீக்கடைக்கு எதிரே வீட்டுமனை விளம்பரப் பலகைகள் வரிசையாக நின்றன. எந்த மனையைப் பார்த்தாலும் ஒரகடத்துக்கு ஐந்தே நிமிடம் என்று எழுதியிருந்தது. நாங்கள் அங்கிருந்து கிளம்பி ஒரகடம் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. எங்கள் ஊரில் பினாங்குப் பாலத்துக்குப் பத்து நிமிடம் என்று போடுவார்கள். அதுவும் இதே கணக்குதான். மனை விற்கிறவர்களுக்கு மட்டும் உலகம் முழுக்க ஒரே கடிகாரம்.

நான் வந்த காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்துக் கதை சொல்ல எனக்கு வராது. என் கம்பெனி, பல் டாக்டர்கள் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்வதற்கு வைத்திருக்கிறார்களே, அந்தப் பெட்டியைச் செய்கிறது. அந்தப் பெட்டியின் கதவுக்கு ஒரு ரப்பர் வளையம் உண்டு. வீட்டில் குக்கர் மூடிக்குப் போடுகிற காஸ்கெட் மாதிரிதான். அது பல வருடங்களாகச் சேரப்பணஞ்சேரிப் பக்கம் இருக்கும் ஒரு சின்னப் பட்டறையிலிருந்து எங்களுக்கு வருகிறது. போன வருடம் எங்கள் மேலிடத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு ரப்பர் வளையத்தைக் கடல் தாண்டி வாங்க வேண்டுமா, நாமே செய்தால் என்ன?

யோசனையை என் தலையில் கட்டினார்கள். ஓர் அறை, இரண்டு இயந்திரம், ஐந்து பெண்கள். வேலை சரியாக வந்தால் அந்தப் பிரிவுக்கு நான்தான் தலைமை என்றும் சொன்னார்கள். எனக்கும் ஆசைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும். ஆனால் எட்டு மாதமாக வேலை சரியாக வரவில்லை. வளையம் பார்க்க அழகாக இருக்கும். நாலு வாரம் நீராவி பட்டதும் ஒட்டிய இடத்தில் வாய் பிளந்துவிடும். பசையை மூன்று முறை மாற்றினேன். பசைக் கம்பெனிக்குக் கோபமாக மூன்று கடிதமும் எழுதினேன்.

அதனால்தான் இந்தப் பயணம். வெளியே சொல்ல, வருடாந்திரப் பரிசோதனை. உள்ளே, அவர்களிடம் இருப்பது எது, நம்மிடம் இல்லாதது எது என்று பார்த்துவிட்டு வா என்று உத்தரவு. திரும்பியதும் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும்: உள்ளேயே செய்யலாமா, வெளியே வாங்கலாமா. நான் 'உள்ளே' என்று எழுதினால் அந்தப் பட்டறைக்குப் பாதிக்கு மேல் வேலை போய்விடும். பட்டறை முதலாளிக்கு இது ஓரளவு தெரியும். அங்கே வேலை செய்கிற முப்பத்துச் சொச்சம் பேருக்குத் தெரியாது.

முதல் நாள் காலை ஸ்ரீபெரும்புதூர் ஓட்டலில் பசியாறப் போனால், இட்லிப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே கொரியாக்காரர்களின் முட்டைக்கோஸ் ஊறுகாய். இரண்டு கொரிய இன்ஜினீயர்கள், அவர்களோடு மொழிபெயர்ப்புக்கு ஒரு தமிழ்ப் பெண். பெரியவர் ஏதோ முகம் சுளித்துச் சொன்னார். ஏதோ இயந்திரக் கோளாறு என்று நினைத்தேன். அந்தப் பெண் பரிமாறுகிறவரிடம் தமிழில் சொன்னாள், நேற்று வைத்த சிவப்புச் சட்னி இன்றைக்கு ஏன் இல்லை என்று கேட்கிறாராம். வெள்ளைச் சட்னியை அவர் சட்னியாகவே மதிக்கவில்லை. எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

பட்டறை முதலாளி பெயர் குணசேகரன். சேரப்பணஞ்சேரிக்காரர், என் வயதுதான் இருக்கும். வாசலில் குங்குமம், பூங்கொத்து, இளநீர், உள்ளே ஆறு வகை பிஸ்கட். பரிசோதனைக்குப் போகிறவளுக்கு இப்படி உபசாரம் செய்தால் எப்படிக் குறை எழுதுவது? தரையில் மஞ்சள் கோடுகள் அப்போதுதான் பூசியிருந்தார்கள் போலிருக்கிறது, என் செருப்படியில் ஒட்டிக்கொண்டு நான் நடந்த இடமெல்லாம் மஞ்சள் தடம். குணசேகரன் பதறிப்போய் மண்ணெண்ணெய்த் துணியோடு ஆள் அனுப்பினார். நான் ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கௌரவமெல்லாம் அதோடு போயிற்று.

அங்கே வேலை வரிசைக்குப் பொறுப்பான லைன் லீடர் ஒரு பெண், பேச்சியம்மாள். கோவில்பட்டிப் பக்கம். வயது முப்பதுக்குள். ஊரிலிருந்து வந்து ஒன்பது வருடமாகத் தோழிகளோடு வாடகை அறையில் இருக்கிறாள். நான் பழக்கத்தில் "பசியாறியாச்சா?" என்று கேட்டதும் மற்ற பெண்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். பேச்சி மட்டும் சிரிக்காமல், ஆச்சு மேடம் என்றாள். கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

நான் ஒவ்வொரு கட்டமாக நின்று பார்த்தேன். ரப்பர் கயிறு சுருளாக வருகிறது. பிரிக்கிறார்கள், அளக்கிறார்கள், வெட்டுகிறார்கள், முனையில் பசை, சூட்டு அச்சு, கண்ணால் பார்த்துச் சோதனை, கடைசியில் பேச்சியின் முத்திரை. மொத்தம் ஏழு கட்டம். என் அறையிலும் அதே ஏழுதான். சப்ளையர்கள் எல்லாரும் வேலை எப்படி நடக்கிறது என்று ஓர் அட்டவணை எங்களுக்குத் தர வேண்டும், அது விதி. குணசேகரன் தந்த அட்டவணையைப் பார்த்துத்தான் நான் என் அறையையே அமைத்தேன். அதே பசை, அதே சூடு. பின்னே என் வளையம் மட்டும் ஏன் வாய் பிளக்கிறது? எரிச்சலில் ஆறு பிஸ்கட்டையும் தின்று தீர்த்தேன்.

மத்தியானம் பிரியாணிக் கடையில் குணசேகரன் தன் கதையைச் சொன்னார். பட்டறை போடுவதற்கு முன் இதே வட்டாரத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் பதினோரு வருடம் இருந்தாராம். எதை உள்ளே செய்வது, எதை வெளியே வாங்குவது என்று தீர்மானிக்கிற கூட்டத்தில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். திரையில் படம் படமாகக் காட்டுவார்களாம். எவ்வளவு சீக்கிரம் வரும், எவ்வளவு தூரம், நாளைக்கு அந்த சப்ளையர் கைவிட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் பேசுவார்களாம். அப்படி ஒரு கூட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடியை உள்ளே செய்யலாம் என்று இவர்தான் கை தூக்கியிருக்கிறார். மண்ணூரில் அந்த மூடியைச் செய்துகொண்டிருந்த பட்டறை ஆறே மாதத்தில் மூடிவிட்டது.

"அந்த ஷெட்டுக்கு நான் ஒரு தபா கூடப் போனதில்ல மேடம். பேப்பர்லதான் பாத்தேன்" என்றார். "நீங்க நேர்ல வந்து பாத்துக்கினு இருக்கீங்க. அதுவே பெருசு."

அவர் கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தயிர்ப் பச்சடியை என் பக்கம் நகர்த்திவிட்டு அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். பிரியாணி நன்றாகத்தான் இருந்தது, நான்தான் பாதியில் இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

இரண்டாம் நாள் காலை மண்ணூரில் ஒரு பசை வியாபாரியைப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்குப் பட்டறைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். பசை வியாபாரிக்குத் திடீரென்று காய்ச்சல், வர வேண்டாம் என்று தகவல். சரி, பட்டறைக்கே போகலாம் என்று கிளம்பினால், ஒரகடம் சந்திப்பைத் தாண்டுவதற்குள் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தசரதன் இறங்கிப் பார்த்துவிட்டு, டயர் பூட்ச்சும்மா, ஸ்டெப்னியும் பஞ்சர்தான் என்றார். இரண்டையும் அவர் சொன்ன நிதானத்தைப் பார்த்தால் தப்பு டயருடையது மாதிரியும் இல்லை, அவருடையது மாதிரியும் இல்லை. வெயிலில் நின்ற என்னுடையதுதான் போலிருக்கிறது.

ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எங்கள் ஊரில் இந்த அளவு வண்டியில் நாலு பேர் உட்கார்ந்தால் போலீஸ் பிடிக்கும். இங்கே ஒன்பது பேர். பத்தாவதாக ஏறப் போன ஆளிடம் ஓட்டுநர், முன்னாடி வா, என் பக்கத்துல எடம் கீது என்று தன் சீட்டில் பாதியைக் கொடுத்தார். எதிரே இரண்டு வடநாட்டு இளைஞர்கள் இந்தியில் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டையோடு இருந்த பெண் எனக்கு அதைத் தமிழில் சொன்னாள். தூக்கத்திலும் என் கை ஸ்குரு முடுக்குகிறது என்கிறானாம் ஒருவன். எனக்கு ஸ்குரு முடுக்கும்போதுதான் தூக்கமே வருகிறது என்கிறானாம் மற்றவன்.

இப்படியாக மூன்று மணிக்கு வர வேண்டியவள் பன்னிரண்டரைக்கே பட்டறை வாசலில் போய் இறங்கினேன். குணசேகரன் வெளியே போயிருந்தார். காவலாளி, எல்லாரும் சாப்பாட்டுல இருக்காங்க என்று பின்பக்கம் கை காட்டினார். போனால், சாப்பாட்டுக் கூடம் காலி. பெண்கள் எல்லாரும் சைக்கிள் நிறுத்துமிடத்தில், சுவரோரம் கிடைத்த நிழலில் தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். மேஜை இருக்க ஏன் தரையில் என்று கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். எல்லா மேஜையிலும் பூப்போட்ட பெட்ஷீட் விரித்து மூடியிருந்தது. அடியில் ஏதோ மேடு மேடாக இருந்தது.

நான் பொறுமைசாலி இல்லை. போய்த் தூக்கிப் பார்த்துவிட்டேன். தட்டுத் தட்டாக ரப்பர் கயிறு. வெட்டாதது, சுற்றாதது, சும்மா தளர்வாக வளைத்துப் போட்டிருந்தது. ஒவ்வொரு தட்டிலும் நாளும் வேளையும் எழுதிய சீட்டு.

பேச்சி சோற்றுக் கையோடு ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"செகப்புல எழுதிராதீங்க மேடம். முன்ன ஒரு மட்டம் வந்த சார் இதப் பாத்துட்டுத்தான் செகப்புல எழுதிட்டுப் போனாக. அதான் ஒளிச்சு வச்சோம்."

எனக்கு அப்போதும் புரியவில்லை. இது எதற்கு என்று கேட்டேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"சுருள்ல சுத்தி வாரப்ப கயிறு இழுவையில இருக்குல்லா. பிரிச்ச ஒடனே வெட்டினா அளவு சரியாத்தான் இருக்கும். பெறவு அதுவா சுருங்கும். ஒட்டின எடத்தப் புடிச்சு இழுக்கும். அதனால தட்டுல ரெண்டு ராத்திரி தூங்கப் போட்டுருவோம். எந்திரிச்ச பெறவுதான் வெட்டு."

அங்கேயே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதம். மூன்று பசை. பாவம் அந்தப் பசைக் கம்பெனிக்காரன்.

விஷயம் மெள்ள மெள்ளத்தான் முழுசாக வந்தது. முதல் வருடத்தில் இவர்களுடைய வளையமும் திரும்பி வந்திருக்கிறது. மாதிரிக்கென்று வெட்டி ஆணியில் மாட்டிவைத்த ஒரு துண்டு ஒரு வாரத்தில் குட்டையானதைப் பேச்சி கவனித்திருக்கிறாள். அன்றிலிருந்து இந்தத் தூக்கம். அப்புறம் எங்கள் கம்பெனியிலிருந்து வந்த பரிசோதகர் ஒருவர், இரண்டு நாள் சரக்கை ஏன் பாதி வேலையில் தேக்கி வைத்திருக்கிறீர்கள், வந்த அன்றே வெட்ட வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதிவிட்டார். குணசேகரன் சரி சார் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அட்டவணையிலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார். வேலையிலிருந்து எடுக்கவில்லை. பரிசோதனை என்றால் தட்டெல்லாம் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துவிடும், வருகிறவர் முன்னால் வெட்டுவது ஏற்கெனவே தூங்கி எழுந்த கயிறு, பெண்கள் சாப்பிடச் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவார்கள்.

தங்கள் வளையம் நன்றாக இருப்பதற்கு எது காரணமோ, அதையே பெட்ஷீட் போட்டு மூடி, வாங்குகிறவன் கண்ணில் படாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். சிவப்பு மைக்கு அவ்வளவு பயம். அந்தக் கட்டத்தை மறைத்த அட்டவணையை நம்பி அந்தப் பக்கம் நான் ஓர் அறையையே கட்டியிருக்கிறேன். யாரைத் திட்டுவது?

அன்றைக்கு அவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு பெண் எலுமிச்சைச் சாதம் வைத்தாள், இன்னொருத்தி கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். பேச்சிக்குப் பயம் தெளிந்து பேச்சு வந்துவிட்டது. கயிற்றை எப்படிப் பிரிக்க வேண்டும், தட்டில் எத்தனை சுற்றுக்கு மேல் கூடாது, தொட்டுப் பார்த்தால் எப்படித் தெரியும் என்று என் கையைப் பிடித்து வைத்தே காட்டினாள். நான் தலையாட்டிக்கொண்டே மனசுக்குள் குறித்துக்கொண்டேன். எனக்கு அப்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அது அசல் திருட்டுச் சந்தோஷம். என் அறை பிழைத்தது, என் பதவியும் பிழைத்தது. பேச்சியோ இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டுமா என்று கேட்கிறாள்.

சாயங்காலம் ஓட்டலுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தாளை எடுத்து 'உள்ளே செய்யலாம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மடித்துப் பையில் வைத்தேன். சப்பாத்தி வரவழைத்தேன். ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதை மூடிவைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, விடைபெற்றுக்கொண்டு கிளம்புவதுதான் திட்டம். பட்டறை வாசலில் சரக்கு வேன் ஒன்று இன்ஜினை அணைக்காமல் நின்றது. இரண்டு வாரம் கழித்து அனுப்ப வேண்டிய வளையங்களை இன்றைக்கே விமானத்தில் அனுப்பச் சொல்லி எங்கள் பினாங்கு அலுவலகம் விடிகாலையில் அவசரச் செய்தி அனுப்பியிருக்கிறது. சாட்சாத் என் மேலாளர்தான். பெட்டி நிறைய இன்னும் இரண்டு தட்டு வளையம் குறைகிறது. தூங்கி எழுந்ததையெல்லாம் வெட்டியாயிற்று, மிச்சம் இருந்த தட்டுகள் முந்தின நாள் சாயங்காலம் போட்டவை.

குணசேகரன் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் பேச்சியிடம் போனார். "அந்த ரெண்டு தட்டயும் வெட்டிடு பேச்சி. ஒரு ராத்திரி ஆச்சு இல்ல?"

"நேத்து சாயந்தரம் போட்டது சார். நாளைக்குத்தான் ஆகும்."

"வண்டி நின்னுக்கினு கீது. மேடம் கம்பெனிக்குத்தான் போவுது, மேடமும் இங்கதான் இருக்காங்க. இன்னிக்கி ஒரு நாள் வெட்டு."

பேச்சி வெட்டுக் கத்தியை மேஜையில் வைத்தாள். சத்தம் வராமல்தான் வைத்தாள். "நான் வெட்ட மாட்டேன் சார். வேற ஆள வச்சு வெட்டினாலும் நான் முத்திரை குத்த மாட்டேன்."

மற்ற பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். சூட்டு அச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் முன்னால் முதலாளியை எதிர்த்து ஒரு தொழிலாளி பேசுகிறாள். எங்கள் தொழிற்சாலையாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். குணசேகரன் கத்தப் போகிறார் என்று நானே ஒரு அடி பின்வாங்கினேன். மனுஷன் காதைச் சொறிந்தார். தட்டைப் பார்த்தார். பேச்சியைப் பார்த்தார். அப்புறம் வெளியே போய், இருக்கிறதை மட்டும் ஏற்றிக்கொண்டு போ என்று வேன்காரரிடம் சொல்லிவிட்டு, பினாங்குக்குப் போன் போட்டார். போனில் என் மேலாளர் கத்துவது எனக்கே கேட்டது. யெஸ் சார், சாரி சார் என்று நின்று கேட்டுக்கொண்டார்.

திரும்பி வந்து என்னிடம், "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பேச்சி வேணாம்னா வேணாந்தான். நான் சொன்னாலும் கேக்காது" என்றார். பேச்சி அதற்குள் அடுத்த வேலைக்குப் போயிருந்தாள்.

அந்த நிமிஷம்தான் எனக்கு அய்னி ஞாபகத்துக்கு வந்தாள். என் அறையில் கயிறு வெட்டுகிற மலாய்க்காரப் பெண். அறை ஆரம்பித்த இரண்டாவது மாதம், ஒருநாள் மத்தியானம், இரண்டு துண்டை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். காலையில் வெட்டினதும் இப்போது வெட்டினதும் ஒரே நீளமாக இல்லை, காலையில் வெட்டினது குட்டையாகிவிட்டது, கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஐந்து மணிக்குள் எத்தனை ஆயிற்று என்று மேலே காட்ட வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "நீ வெட்டு" என்றேன். அதற்கப்புறம் அவள் எதையும் சொல்ல என் மேஜைக்கு வரவில்லை. நான் அதை மறந்தே போயிருந்தேன்.

தட்டு என்ன பெரிய தட்டு, பட்டர்வொர்த்திலேயே வாங்கலாம். இரண்டு ராத்திரி என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். முதல் மாதம் இரண்டு ராத்திரி தூங்கும். ஒரு நாள் மேலிடத்திலிருந்து அவசரம் என்று போன் வரும். ஒரு ராத்திரி போதும் என்பேன். அதற்கு அடுத்த அவசரத்தில் மத்தியானத் தூக்கம் போதும் என்பேன். அப்போது கத்தியைக் கீழே வைக்க என் அறையில் யார் இருக்கிறார்கள்? இருந்த ஒருத்தியையும் நான் வாயடைத்துவிட்டேன்.

குணசேகரனையும் பேச்சியையும் உள் அறைக்குக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பரிசோதனை ஒரு சாக்கு என்று சொன்னேன். என் அறையைப் பற்றி, வாய் பிளந்த வளையங்களைப் பற்றி, பையில் இருக்கும் தாளைப் பற்றி எல்லாம் சொன்னேன். குணசேகரனுக்குப் பாதி தெரியும், அதனால் தலையைக் குனிந்துகொண்டார். பேச்சி நிமிர்ந்தே என்னைப் பார்த்தாள்.

"அப்போ எங்க வேலையப் படிச்சிட்டுப் போகத்தான் வந்தீகளா?"

ஆமாம் என்றேன். ஒரு நாள் முன்னால் இவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். இதைவிட இரண்டு திட்டுத் திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திரும்பி நடந்தாள். கதவு வரைக்கும் போனவள் நின்றாள்.

"மழ நாளுல ரெண்டு ராத்திரி காணாது மேடம். மூணு போடணும். அத நேத்துச் சொல்ல மறந்துட்டேன், எழுதிக்கிடுங்க. ஆசுபத்திரிச் சாமான், அரைகுறையாத் தெரிஞ்சுக்கிட்டுப் போவக் கூடாது."

போய்விட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குணசேகரன் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விமான நிலையத்தில் தசரதன் இறக்கிவிட்டபோது மத்தியானம் இரண்டு மணி. நாலு டயரும் நல்லாக் கீதும்மா என்று பெருமையாகக் காட்டிவிட்டுப் போனார். காப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுசாக எழுதினேன். வெளியே வாங்க வேண்டும். அட்டவணையில் எட்டாவதாக ஒரு கட்டம் சேர்க்க வேண்டும், கயிறு இரண்டு ராத்திரி, மழைக் காலத்தில் மூன்று ராத்திரி கிடக்க வேண்டும். லைன் லீடர் கையெழுத்து இல்லாமல் ஒரு வளையமும் வெளியே போகக் கூடாது, நாங்களே அவசரம் என்று கேட்டாலும் கூடாது. காரணம் என்ற இடத்தில், நம் அறையில் கயிறு வெட்டும் அய்னி இந்தக் குறையை இரண்டாவது மாதமே என்னிடம் சொன்னாள், நான் கேட்கவில்லை, அதற்குப் பிறகு வந்த நஷ்டமெல்லாம் என்னால் வந்தது என்று எழுதினேன். தாளைப் போனில் படமெடுத்தேன். அனுப்பியும் விட்டேன்.

விமானம் ஏறுவதற்குள் மேலாளர் கூப்பிட்டுவிட்டார். கடைசி இரண்டு வரி அவசியமா, அதை எடுத்துவிட்டால் உனக்கு நல்லது என்றார். அவசியம்தான் என்றேன். அவர் நல்ல மனிதர்தான், எனக்காகத்தான் சொன்னார்.

ஒரு மாதம் கழித்துக் குணசேகரன் போன் செய்தார். தட்டெல்லாம் சாப்பாட்டுக் கூடத்தை விட்டுப் பட்டறைக்குள்ளேயே, வெட்டு மேஜைக்குப் பக்கத்தில் அலமாரி போட்டு வைத்தாயிற்றாம். சாப்பாட்டு மேஜையில் பெண்கள் இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம். பேச்சிக்கு ஒரு சந்தேகமாம், அனுப்புகிற தாளில் தமிழில் கையெழுத்துப் போடலாமா என்று. தாராளமாகப் போடச் சொன்னேன்.

என் அறையை மூடிவிட்டார்கள். இயந்திரங்கள் கிடங்குக்குப் போயின. நான் பழைய நாற்காலிக்கு வந்துவிட்டேன், அதில் எனக்கு இப்போது வருத்தம் அதிகம் இல்லை. ஐந்து பெண்களை ஆளுக்கொரு பிரிவுக்கு அனுப்பினார்கள். அய்னிக்குப் பெட்டி கட்டுகிற பிரிவு. நாள் பூராவும் நின்றுகொண்டே ஒட்டு நாடா இழுக்கிற வேலை.

போய்ப் பார்த்தேன். நீ அன்றைக்குச் சொன்னது சரி, நான்தான் கேட்கவில்லை, அதை அப்படியே எழுதியும் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். அவள் கையிலிருந்த பெட்டியை ஒட்டினாள். அடுத்ததையும் எடுத்து ஒட்டினாள். அப்புறம் என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், மலாயில் சொன்னாள்:

"அன்றைக்கே கேட்டிருந்தால் அந்த வளைய வேலை நம்மிடமே இருந்திருக்கும், அக்கா."